நான் சொன்னேன்னு போடுங்க

அவருடைய பெயரை எழுதினால் அவருக்கு ஆட்சேபம் இருக்காது. இத்தனை வருட நிருபர் வேலையில் "என் பேரப் போட்டுக்குங்க" என்று தானாகவே சொன்ன கல்லூரி முதல்வர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் பெயர் தெரிந்தால் கல்லூரி தெரிந்துவிடும். கல்லூரி தெரிந்தால், இதில் வரும் மாணவன் யாரென்று ஆரம்பாக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அவன் இப்போது ஒரு வேலையில் இருக்கிறான். அதனால் இங்கே அவர் வெறும் மேடம். கல்லூரியிலும் அப்படித்தான் அழைத்தார்கள். வேறு பேராசிரியைகள் இருந்தும், "மேடம் சொன்னாங்க" என்றால் அது அவர்தான்.

குள்ளமான உருவம். பொன்னேரியிலிருந்து நெடுஞ்சாலை வழியாக, லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டி வருவார். புடவைக்கு மேல் காக்கி நிறப் பட்டறை கோட். இரண்டு முகக்கவசம், அதனால் எப்போதும் ஆவி படிந்த கண்ணாடி. பிறந்த ஊர் வள்ளூர். அங்கே அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொடியில் காயும் துணியிலும் திறந்திருக்கும் பாத்திரத்திலும் படியும். எங்கே போனாலும், உட்காரும் முன் நாற்காலியை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து, கையைத் திருப்பிப் பார்ப்பார். ஏசி ஓடும் தாளாளர் அறையிலும் துடைத்தார் என்று என் தம்பி சொன்னான். தாளாளர் அதைக் கவனித்து முகம் சுளித்ததையும் சொன்னான்.

தம்பி அந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை விரிவுரையாளர். மேடம் அந்தத் துறைக்குத் தலைவர். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி நான் பார்த்தது, பாதி தம்பி பார்த்தது.

முதல் ஊரடங்கில்தான் அவரோடு முதன்முதலாகப் பேசினேன். கல்லூரி விடுதிகளில் வடமாநில மாணவர்கள் மாட்டிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வரிசையாக போன் செய்தேன். ஒருவர் தாளாளரைக் கேட்கச் சொன்னார். ஒருவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். ஊரே அடங்கிக் கிடந்த நேரத்தில் யாரோடு மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. அவருடைய கல்லூரி எண்ணில் மேடமே எடுத்தார்.

"கீறாங்க. பீகார் பசங்க, ஜார்க்கண்ட் பசங்க. சோறும் சாம்பாரும் போடறோம். மூஞ்ச சுளிச்சிக்கினு சாப்படறானுங்க. ரொட்டி சுட ஆள் இல்ல. மாஸ்டர் ஊருக்குப் பூட்டாரு."

"இத யார் சொன்னதா எழுதறது மேடம்?"

"இன்னா கேள்வி இது ரிப்போர்ட்டரு? நான்தான பேசிக்கினு கீறேன்? நான் சொன்னேன்னு போடுங்க."

போட்டேன். காலையிலேயே தாளாளர் என்னை போனில் பிடித்துக் கத்தினார். அடுத்த நாள், நெடுஞ்சாலையில் மூடிக்கிடந்த ஒரு தாபாவின் சமையல்காரர், தன் கல்லையும் கட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்றார். மேடம் போன் செய்தார். "ரொட்டி வந்துச்சு" என்றார். வைத்துவிட்டார்.

அப்போது முதல்வராக இருந்தவர் அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. ஊரடங்குக்கு முன்பே நெல்லூரில் மகள் வீட்டுக்குப் போனவர், எல்லையை மூடியதும் அங்கேயே தங்கிவிட்டார். மேடத்துக்குப் பொறுப்பு முதல்வர் என்று ஒரு உத்தரவு மின்னஞ்சலில் வந்தது. சம்பளத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அந்த மாதங்களில் எல்லா அலுவலகங்களிலும் ஒரே பேச்சுதான், "எழுத்துல குடுங்க." பல்கலைக்கழகம் அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருந்தது, தாளாளர் பல்கலைக்கழகத்துக்கு, ஆசிரியர்கள் தாளாளருக்கு. இதற்கிடையில் மேடத்தின் குரல் செய்திகள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பின்னணியில் லாரி ஹாரன் கேட்கும். ஸ்கூட்டரை ஓரம் கட்டி நின்று பேசியிருப்பார்.

"நான்தான் பேசறேன். லேப்ல தூசி தின்னுக்கினு கீற கம்ப்யூட்டர அவுத்து, இல்லாத பசங்க ஊட்டுக்கு காலேஜ் பஸ்ல ஏத்தி அனுப்புங்க. ஒடஞ்சா ஒடையட்டும். யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

கல்லூரிப் பேருந்துகள் மாணவர்கள் இல்லாமல், இருக்கைகளில் கணினிகளோடு நெல் வயல்களுக்கு நடுவே போயின. ஒரு வீட்டில் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். இன்னொரு வீட்டில் மவுஸின் வயரை ஆடு தின்றுவிட்டது. அந்த மாணவன் பயந்துபோய் போன் செய்தபோது மேடம், "ஆடு நல்லா கீதா?" என்று கேட்டாராம்.

தம்பி வீட்டில் அவரைப் போலவே பேசிக் காட்டுவான். குழம்பில் உப்பு போதவில்லை என்று அம்மா சொன்னால், "நான் சொன்னேன்னு போடுங்க" என்பான். சிரிப்போம். ஒருநாள் சிரித்து முடித்ததும் சொன்னான்: "அவங்க யாரையும் கேக்க மாட்டாங்கண்ணா. கேட்டா லேட்டாவும்னு நெனக்கிறாங்க. எங்களுக்கு வசதியாத்தான் கீது. பயமாவும் கீது."

தொழிற்சாலைகள் மறுபடி திறந்தபோது வடமாநிலத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். உருக்காலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. மின்சார ரயிலில் பொதுமக்களை ஏற்றவில்லை. ஒப்பந்தக்காரர்கள் சிறிய சரக்கு வேன்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். கை கால் திடமாக இருந்தால் போதும், ஏற்றிக்கொள்வார்கள். கல்லூரி மூடியிருந்தது, அப்பாக்களுக்கு வேலை போயிருந்தது. வேன் பின்னால் ஏறியவர்களில் பலர் பொறியியல் மாணவர்கள்.

இது கல்லூரிக்குத் தெரியவந்தது தம்பியின் வகுப்பில்தான். ஆன்லைனில் பாடம் நடத்தும்போது, ஆரம்பாக்கத்து மாணவன் ஒருவனிடம் கேள்வி கேட்டான். பையன் மைக்கைத் திறந்தான். மணி அடிக்கும் சத்தம், இரும்பு விழும் சத்தம், யாரோ இந்தியில் கத்தும் சத்தம்.

"எங்கடா கீற?"

"ஊட்ல சார்."

"உங்க ஊட்ல கிரேன் ஓடுதா?"

வகுப்பில் இருந்த மற்ற மைக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்து சிரித்தன. அந்தச் சிரிப்புக்குப் பின்னாலும் வேறு வேறு இயந்திரங்களின் சத்தம் கேட்டதாகத் தம்பி சொன்னான்.

ஆசிரியர் கூட்டத்தில், இவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட் போட வேண்டும் என்றார்கள். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, அப்போது புத்தி வரும் என்றார் ஒருவர். மேடம் மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் தொழிற்பேட்டையில் ஒரு ஆலை வாசலுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றார். வேறு செய்திக்காக அங்கே போயிருந்த நான் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தது அப்போதுதான். வெளியே வந்தவர்களில் சில இளைஞர்கள் அவரைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்கள்.

"டேய், மூஞ்ச மூடினா நடை தெரியாதா? இங்க வா," என்றார்.

நான்கைந்து பேர் வந்து தலைகுனிந்து நின்றார்கள். புருவத்திலெல்லாம் துருத்தூள். திட்டப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். எந்த ஷிப்ட், எந்த இடம், என்ன கூலி, சாப்பாடு உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவன் கையைப் பிடித்துப் புரட்டி, "க்ளவுஸ் குடுக்கலியா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத இப்ப எழுதாதீங்க ரிப்போர்ட்டரு. பசங்க கூலிக்கு உலை வெச்சிடுவானுங்க."

அந்த வாரமே நேர அட்டவணை மாறியது. முதல் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு மாலை வகுப்பு, இரண்டாம் ஷிப்டுக்குக் காலை வகுப்பு. ஆலைச் சங்கின்படி ஓடிய பொறியியல் கல்லூரியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் காலையிலிருந்து மாலைவரை பொது ஷிப்டில் இருந்தவர்களுக்கு எந்த ஏற்பாடும் பொருந்தவில்லை. பதிவு செய்த பாடத்தை ராத்திரி கேட்டால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில் மாணவன் இணைப்பில் இருந்ததற்கான கணினிப் பதிவைப் பல்கலைக்கழகம் கேட்டது. மேடம் குரல் செய்தி அனுப்பினார்.

"ஜெனரல் ஷிப்ட் பசங்க லாகின் பண்ணிட்டு, ஒரு காதுல இயர்போன் மாட்டிக்கினு கேக்கட்டும். கேள்வி கேக்காதீங்க, மைக்கத் தொறக்கச் சொல்லாதீங்க. அட்டெண்டன்ஸ் போடுங்க. நான் சொன்னேன்னு போடுங்க."

தம்பி அவரை நேரில் பார்த்துச் சொன்னான். இயந்திரம் ஓடும் இடத்தில் காதை அடைக்கக் கூடாது என்று அவனுக்கு மாணவனாக இருந்தபோது சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"தெரியும்பா," என்றார். "எனக்குத் தெரியாதா? ஒரு காது வேலைக்கு, ஒரு காது கிளாசுக்கு. டிகிரியும் போயி கூலியும் போயி நிக்கறதுக்கு இது மேல். வேற வழி இருந்தா நீ சொல்லு."

தம்பி திரும்பிப் போய் வருகை போட்டான். அந்த வாரம் மேடத்தின் அண்ணன் ஆக்ஸிஜன் படுக்கையில் இருந்தார். அது அப்போது யாருக்கும் தெரியாது. கூட்டங்களுக்கு நடுவே அவர் அடிக்கடி வெளியே போய் போன் பேசியதை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள்.

சில மாதங்கள் அப்படியே ஓடின. தேர்வுகள் நடந்தன. பையன்கள் தேறினார்கள், சிலர் நன்றாகவே தேறினார்கள். வேறு கல்லூரிகளில் பாதிப் பேர் படிப்பை விட்டார்கள் என்ற பேச்சு இருந்த காலத்தில், இவர் துறையில் அநேகமாக யாரும் விடவில்லை. தாளாளர் ஒரு இணையக் கருத்தரங்கில், நெருக்கடி காலத் தலைமை என்ற தலைப்பில் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அதில் காதைப் பற்றிய பேச்சு வரவில்லை.

அடிபட்டவன், முன்பு வீட்டில் இருப்பதாகச் சொல்லிக் கிரேன் சத்தத்தில் மாட்டிக்கொண்ட அதே மாணவன்தான். அப்பா வேலை பார்த்த வார்ப்படப் பட்டறை ஊரடங்கில் மூடியதோடு சரி. மகன், கம்பி உருட்டும் ஆலையில் கட்டுக் கம்பிகளை அடுக்கும் முற்றத்தில் ஒப்பந்தக் கூலி. கிரேன் சுமையோடு நகரும்போது மணி அடிக்கும். அடித்தது. அவனுக்குக் கேட்கவில்லை. கம்பிக்கட்டு சரிந்து இடது பாதத்தின் மேல் இறங்கியது.

அவன் காதில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பாதுகாப்புப் பாடமாக இருந்திருந்தால் செய்திக்கு நல்ல தலைப்பு கிடைத்திருக்கும். அது என் தம்பி நடத்திய வெப்பப் பரிமாற்றம்.

"கிளாஸ் முடிஞ்சி எல்லாரும் பூட்டாங்கண்ணா," என்றான் தம்பி. "இவன் பேர் மட்டும் ஸ்கிரீன்லயே நின்னுக்கினு இருந்துச்சு. தூங்கிட்டான்னு நெனச்சி நானே கட் பண்ணேன்."

பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் சாலை விபத்து என்று இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒப்பந்தக்காரர். அவரைப் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

"நம்ம ஆளே இல்ல சார் அவன். காலேஜ் பையன். கிளாஸ் முடிச்சிட்டு பைக்ல போயிருக்கான், லாரிக்காரன் இட்சிட்டுப் பூட்டான். காலேஜ்லயே கேளுங்க, நீங்க ஆலையில அடிபட்டான்னு சொல்ற நேரத்துக்கு கிளாஸ்ல இருந்தான்னு அவங்களே அட்டெண்டன்ஸ் போட்டுக் கீறாங்க."

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டான் என்று யாராவது ஒப்புக்கொண்டால்தான் தொழிலாளர் காப்பீட்டில் சிகிச்சை, அடுத்த அறுவை, செயற்கைப் பாதம் எல்லாம். இல்லையென்றால் அந்தக் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பையனின் அம்மா கல்லூரிக்கு வந்தார். வயல் வேலைக்குப் போகும் பெண். காவலாளி உள்ளே விடாததால் வாசலிலேயே நின்று கூவியிருக்கிறார்.

"என் புள்ள எங்க இருந்தான்னு யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறந்து சொல்லுங்களேன்! ரோட்ல உயுந்தான்றாங்க. அவனுக்கு பைக்கே இல்லியே!"

மேடம் இறங்கி வந்து அவரை உள்ளே கூட்டிப்போனார். பிறகு தாளாளர் அறைக்குப் போனார். வகுப்பு எடுத்தவன் என்பதால் தம்பியையும் அழைத்திருந்தார்கள்.

தாளாளர் கோபப்படவில்லை. சோர்ந்துபோய்த்தான் பேசினார். அவருக்கும் அந்த மாதம் வீட்டில் இரண்டு சாவு. "கான்ட்ராக்டர் ரோடுன்றான். ஆஸ்பத்திரில ரோடுன்னு எழுதியிருக்கு. நம்ம ரெக்கார்டு கிளாஸ்ல இருந்தான்னு சொல்லுது. எல்லாம் தானா ஒத்து வருது மேடம். நாம ஏன் போய் கலைக்கணும்?"

"அவன் ஆலை யார்டுல இருந்தான் சார்."

"சரி. அப்ப அவனுக்கு மட்டும் அந்த ஹவர் ஆப்சென்ட் போட்டுடலாம். கிளாஸ் கட் அடிச்சிட்டு வேலைக்குப் போயிட்டான். அவங்க அம்மாவும் கேஸ் நடத்திக்கட்டும், நம்ம பேரும் வராது."

"கட் அடிச்சிருந்தா கால் இருந்திருக்கும் சார். அவன் கிளாஸ் கேட்டான். கேட்டதாலதான் மணி கேக்கல."

"நீங்க எழுதிக் குடுத்தா மத்த பசங்க அட்டெண்டன்ஸும் பொய்னு ஆவும். யோசிங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன்."

மேடம் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். அந்த மாணவன் அந்த நேரத்தில் ஆலை முற்றத்தில் வேலையில் இருந்தான், அங்கிருந்தே வகுப்பில் இருந்தான், அப்படி இருக்கச் சொன்னது நான், வருகை போடச் சொன்னதும் நான். அவ்வளவுதான். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒன்றும் காவல் நிலையத்தில் ஒன்றும் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஒரு கடுதாசி குடுத்துட்டு வந்துக்கினு கீறேன். நகல் வேணும்னா வாங்கிக்குங்க." குரலில் வீரம் ஒன்றும் இல்லை. தூக்கமில்லாதவர் குரல்.

செய்தி ஆறாம் பக்கத்தில் அடியில் வந்தது. ஆனால் கடிதம் வேலை செய்தது. அலுவலர்கள் முற்றத்துக்குப் போனார்கள், கூட வேலை செய்தவர்கள் இருவர் பேசினார்கள். பையன் தொழிலாளர் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டான்.

தாளாளர் சொன்னதும் நடந்தது. வருகைப்பதிவைத் தோண்டினார்கள். பொது ஷிப்ட் மாணவர்கள் பலருக்கு ஒரு பருவம் போனது. "ஒருத்தனுக்காக எங்க எல்லாரையும் மாட்டி வுட்டாங்க" என்று மாணவர் குழுவில் எழுதினார்கள். அதற்கும் கீழே இன்னும் மோசமாக எழுதினார்கள். மேடத்தைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், பிறகு வேலையிலிருந்தும். வகுப்பெடுத்த எல்லா ஆசிரியர்களுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

"அவங்க சொன்னாங்கன்னு சொன்னேண்ணா," என்றான் தம்பி. "அவங்க கெணத்துல குதிக்கச் சொன்னா குதிப்பியான்னு கேட்டானுங்க." ஒரு வருட ஊதிய உயர்வு போனது. அதன்பிறகு அவன் வீட்டில் அவரைப் போலப் பேசிக் காட்டவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான்.

மேடம் இப்போது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வெல்டிங் சொல்லிக் கொடுக்கிறார். அங்கே சேருவதற்கு முன் ஒருநாள் போன் செய்து, அந்தப் பையன் வீட்டுக்கு வழி காட்ட முடியுமா என்று கேட்டார். ஆரம்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டி, வயல் ஓரமாக உள்ளே போக வேண்டும். என் பைக்குக்குப் பின்னால் அவர் ஸ்கூட்டரில் வந்தார்.

பையன் கட்டிலில் இருந்தான். காலில் கட்டு. அவரைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"படு, படு."

"நீங்க சொல்லலேன்னாலும் நான் வேலைக்குப் போயிருப்பேன் மேடம்," என்றான். இதைச் சொல்ல வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தவன் போல அவசரமாகச் சொன்னான்.

"போயிருப்ப," என்றார் மேடம். "காதுல மாட்டியிருக்க மாட்ட."

பையன் சுவரைப் பார்த்தான். அவன் அம்மா வயலிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மேடத்தைப் பார்த்து அப்படியே நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா," என்றார். "நீ சொல்லித்தான் அந்த எழவ காதுல மாட்டினான். நீ சொல்லித்தான் இப்ப வைத்தியமும் ஆவுது. உன்ன நான் திட்டறதா, உக்காருன்னு சொல்றதா, எனக்கே ஒண்ணும் தெரில."

மேடம் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய் விறகைத் தள்ளினார், அரிசி களைந்தார், உலை வைத்தார். பையன் ஆஸ்பத்திரியைப் பற்றி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் கிளம்பும்வரை அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை.